தூரமா, மங்கலா?

2022 மார்ச் முடிகிற நேரம் கொழும்பில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் நின்றுவிடும், தண்ணீர் மோட்டர் ஓடாது, வீட்டுக்குள் ஒரே புழுக்கம். பெரியப்பாவால் அந்தப் புழுக்கத்தில் இருக்க ஏலாது. நாலாம் மாடியிலிருந்து அவரைக் கைபிடித்துப் படியிறக்கி, மரீன் டிரைவைக் கடந்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கிடக்கிற கருங்கற்களில் கொண்டுபோய் இருத்துவேன். பின்னால் ஊர் முழுக்க இருட்டு. முன்னால் கடல். அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்பதால் வானம் நான் கொழும்பில் ஒருநாளும் கண்டிராத வானமாக இருந்தது. கடலுக்கு மேலே மேற்கில் திருவாதிரை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா மயிலிட்டிக்காரர். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிடும் வரைக்கும் கடலில்தான் சீவியம். அதற்குப் பிறகு கடலில் இறங்கவில்லை. ஆனால் கடற்கரையில் இருத்தினால் போதும், படகு விளக்குகளை எண்ணத் தொடங்கிவிடுவார். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு என்பதால் அந்த நாட்களில் தொழிலுக்குப் போன படகுகள் குறைவு. அன்றைக்குத் தெரிந்தவை மூன்றே மூன்று. அதில் ஆக மங்கலானதைக் காட்டி, "அதுதான் கனதூரத்தில நிக்குது போல பெரியப்பா" என்றேன்.

"இல்லை மோனை. உது தூரமில்லை, விளக்குத்தான் மங்கல்."

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"நிறத்தைப் பார். தூரத்து வெளிச்சம் மூட்டத்துக்குள்ளால வரவேணும், சிவந்துபோய் வரும். உது வெள்ளையாத்தானே கிடக்கு. கிட்டத்தான் நிக்கிறான், சின்ன விளக்கு."

நான் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். நேர்மாறு வர்க்க விதியை எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்: விளக்கு இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒன்று. ஆகவே விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இந்தத் "தெரிந்தால்" என்ற சொல்லை நான் எவ்வளவு இலேசாகக் கடந்து போயிருக்கிறேன் என்பது அந்தக் கல்லில் இருந்தபோதுதான் உறைத்தது. பிரபஞ்சம் எப்படி விரிகிறது என்று கேட்ட ஆட்கள் பல வருடம் மல்லுக்கட்டியது அந்த ஒரு சொல்லோடுதான்.

பெரியப்பாவின் ஊரில் அந்தக் காலத்தில் அநேகமாக எல்லாப் படகிலும் ஒரே வகைப் பெற்றோமக்ஸ் விளக்கு, ஒரே அளவு மாண்டில். அதனால் கரையில் நின்று பார்க்கிறவருக்கு எந்தப் படகு எவ்வளவு தூரத்தில் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் அப்படி ஒரே அளவு விளக்கை யார் கொளுத்தி வைப்பார்கள்? இயற்கை கொளுத்தி வைத்திருக்கிறது. அது ஒரு வகை நட்சத்திர வெடிப்பு, பெயர் "ஒன்று ஏ" (Ia) வகைச் சுப்பர்நோவா.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவது வெண்குள்ளன். பூமியளவு உருண்டைக்குள் கிட்டத்தட்ட ஒரு சூரியனின் திணிவு, பெரும்பாலும் காபனும் ஒட்சிசனும். அதற்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது: சூரியத் திணிவைப் போல 1.4 மடங்கு. அதற்கு மேலே போனால் தன் எடையைத் தானே தாங்க மாட்டாது. இந்த எல்லையைக் கண்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுப் பிள்ளை, பயண நாட்களில் இருந்து போட்ட கணக்கு அது. 1935இல் லண்டனில் அந்த முடிவைச் சொன்னபோது வானியலாளர் எடிங்டன் எழுந்து சபையிலேயே மறுத்தார். எடிங்டனின் பெயருக்கு அப்போது இருந்த எடை அப்படி, பலர் வாய் திறக்கவில்லை. நோபல் பரிசு சந்திரசேகருக்கு 1983இல்தான் வந்தது. தமிழில் வானியல் பேசுகிற எவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, வெண்குள்ளன் எப்படி வெடிக்கிறது? பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை உறிஞ்சி அந்த எல்லையை நெருங்கும்போது வெடிக்கலாம். இரண்டு வெண்குள்ளர்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதியும் வெடிக்கலாம். எது எத்தனை பங்கு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எப்படி வெடித்தாலும் உள்ளேயிருக்கிற காபன் சில வினாடிகளில் அணுக்கரு எரிதலில் பற்றிக்கொள்கிறது, சூரியத் திணிவில் பாதிக்கு மேல் நிக்கல்-56 உண்டாகிறது. அது கோபால்ட்டாகவும் பிறகு இரும்பாகவும் சிதைகிறபோது வெளிவரும் சக்திதான் நாங்கள் காணும் வெளிச்சம். மூன்று கிழமைக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் உச்சத்துக்கு வரும். உச்சத்தில் 400 கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் வெளிச்சம். அப்புறம் மாதக்கணக்கில் அடங்கும். (திருவாதிரையும் ஒருநாள் வெடிக்கும். ஆனால் அது வேறு வகை, பெரிய நட்சத்திரத்தின் கரு இடிந்து விழுகிற வெடிப்பு. அது இந்தக் கணக்குக்கு உதவாது.)

இவை முற்றிலும் ஒரே அளவு விளக்குகளும் இல்லை. சில கூடப் பிரகாசம், சில குறைய. 1993இல் சிலி நாட்டின் செர்ரோ தொலோலோவில் வேலை செய்த மார்க் பிலிப்ஸ் ஒரு ஒழுங்கைக் காட்டினார்: பிரகாசம் கூடியது மெதுவாக அணையும், குறைந்தது கெதியாக அணையும். அதாவது விளக்கு எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று பொறுமையாக இருந்து பார்த்தால், அது எத்தனை வாட் விளக்கு என்று அதுவே சொல்லிவிடும். அதே மலையில் மரியோ ஹமுய், நிக்கலஸ் சன்ட்செஃப், ஹோசே மாசா முதலானோர் கிட்டத்துச் சுப்பர்நோவாக்களை ஒவ்வொன்றாகத் தேடி அளந்து வைத்தார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், பின்னால் வரப்போகிற, நோபல் பெற்ற மூவரோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது மனவருத்தம். கிட்டத்து விளக்குகளைச் சிலியில் இருந்தவர்கள் இப்படி அளந்து வைக்காமல் விட்டிருந்தால் தூரத்து விளக்கை ஒப்பிட எதுவுமே இருந்திராது.

தூரத்து விளக்கைப் பிடிப்பது இன்னொரு பாடு. ஒரு கலக்சியில், அதாவது ஒரு நட்சத்திரக் கூட்டத்தில், இந்த வகை வெடிப்பு சில நூறு வருடத்துக்கு ஒருக்கால்தான் நடக்கும். எங்கே, எப்போது என்று யாருக்கும் தெரியாது. பேர்க்லியில் சோல் பேர்ல்மட்டரின் குழு அதற்கு ஒரு வழி கண்டது. அமாவாசை கழிந்த கையோடு ஆயிரக்கணக்கான கலக்சிகள் அடங்கிய வானத் துண்டுகளைப் படமெடுப்பது, மூன்று கிழமை கழித்து அடுத்த அமாவாசைக்குச் சற்று முன் அதே துண்டுகளைத் திரும்ப எடுப்பது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. மிஞ்சுகிற புள்ளிதான் புதிய விளக்கு. பிறகு நிலவில்லாத அந்த இரவுகளிலேயே பெரிய தொலைகாட்டிகளை அதன்மேல் திருப்பலாம். இதைச் சொன்னபோது பெரியப்பா தலையாட்டினார். விளக்கு வைத்துப் பிடிக்கிற தொழிலும் நிலவு காலத்தில் படுத்துவிடும், இருட்டுத்தான் அவர்களுக்கும் வேண்டும்.

பேர்ல்மட்டரின் குழுவுக்குப் போட்டியாகப் பிரையன் ஷ்மிட் தலைமையில் இன்னொரு குழு இறங்கியது. அதன் 1998ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு முதல் பெயர் அடம் ரீஸ். இரண்டு பக்கமும் தேடியது ஒன்றையே: பிரபஞ்சம் விரியும் வேகம் எவ்வளவு குறைந்து வருகிறது? மேலே எறிந்த பந்தின் வேகத்தைப் பூமி இழுத்துக் குறைப்பதுபோல, உள்ளேயிருக்கிற பொருளின் ஈர்ப்பு விரிவைக் குறைத்துத்தானே ஆக வேண்டும். குறைகிறதா என்பதில் அநேகமாக ஒருவருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ரீஸின் கட்டுரையில் தூரத்துச் சுப்பர்நோவாக்கள் வெறும் 16, கிட்டத்தவை 34. பேர்ல்மட்டரின் கட்டுரையில் தூரத்தவை 42. இரண்டு குழுவுக்கும் ஒரே விடைதான் வந்தது. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட வெளிச்சம் இருக்க வேண்டியதை விட மங்கலாக இருந்தது. பொருள் குறைவான, விரிவை ஊக்க எதுவும் இல்லாத பிரபஞ்சத்தில் எதிர்பார்க்கிறதை விட அந்த விளக்குகள் 10 முதல் 15 சதவீதம் தள்ளி நின்றன. விரிவு வேகமெடுத்திருந்தால்தான் அவ்வளவு தள்ளிப் போயிருக்க முடியும். வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. எறிந்த பந்து மேலே போகப் போக வேகமெடுத்த மாதிரி.

தூரமா, அல்லது விளக்குத்தான் மங்கலா?

எனக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த பகுதி கண்டுபிடிப்பு இல்லை, அதற்குப் பிறகு நடந்த குடைச்சல். முதல் சந்தேகம் தூசு. கலக்சிகளில் இருக்கிற தூசு வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் நீலத்தைக் கூடவும் சிவப்பைக் குறையவும் மறைக்கும். ஆகவே தூசுக்குள்ளால் வந்த வெளிச்சம் சிவந்திருக்க வேண்டும். பல நிறக் கண்ணாடிகள் போட்டு அளந்தார்கள். தூரத்து விளக்குகள் அப்படிச் சிவந்திருக்கவில்லை. (பிரபஞ்சம் விரிவதால் வருகிற செம்பெயர்ச்சி வேறு, அதை நிறமாலைக் கோடுகளைக் கொண்டு தனியாகக் கழித்துவிடுவார்கள்.) பெரியப்பா கல்லில் இருந்துகொண்டு செய்த அதே சோதனை.

அப்படியென்றால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி மறைக்கிற சாம்பல் நிறத் தூசு இருந்தால்? அல்லது பழைய காலத்து வெண்குள்ளர்களே இயல்பில் மங்கலானவையாக இருந்தால்? இதற்கு விடை இன்னும் தூரத்திலிருந்து வந்தது. தூசோ பழமையோ காரணம் என்றால், தூரம் போகப் போக மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆனால் உண்மையாகவே பிரபஞ்சத்தில் முன்பு பொருளின் ஈர்ப்பு மேலோங்கி வேகம் குறைந்து, பிறகுதான் கூடத் தொடங்கியதென்றால், மிகப் பழைய விளக்குகள் அந்தக் கணக்கை விடப் பிரகாசமாகத் தெரிய வேண்டும். ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் படங்களில் 1997எஃப்எஃப் என்று ஒரு சுப்பர்நோவா தற்செயலாக அகப்பட்டிருந்தது, அதன் வெளிச்சம் புறப்பட்டு 1,000 கோடி ஆண்டுகள் இருக்கும். அது தூசுக் கணக்கை விடப் பிரகாசமாகத்தான் இருந்தது. 2004இல் ஹபிள் தேடிப் பிடித்த இன்னும் 16 சுப்பர்நோவாக்களோடு அந்த வளைவு உறுதியானது. ஐந்தாறு நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் விரிவு தடை நீங்கி வேகமெடுத்தது. 2011இல் பேர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் நோபல் கிடைத்தது.

வேகமெடுக்க வைப்பது எது? அதற்கு வைத்த பெயர்தான் இருண்ட சக்தி. பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் அது. நாங்களும் கடலும் திருவாதிரையும் சேர்ந்த சாதாரணப் பொருள் 5 சதவீதம் மட்டுமே. இவ்வளவு பெரிய பங்காக இருந்தும் ஒரு கன மீற்றர் வெளியில் அது நாலு ஐதரசன் அணுக்களின் திணிவுக்கும் குறைவு. எங்கும் பரந்திருப்பதால்தான் கூட்டினால் அவ்வளவு வருகிறது.

பிரபஞ்சம் விரியும்போது பொருள் ஐதாகிறது. கனவளவு இரட்டித்தால் அடர்த்தி பாதி. இருண்ட சக்தி அப்படி ஐதாகாமல் வெற்றிடத்துக்கே உரிய குணமாக, விரிந்த இடத்திலும் அதே அடர்த்தியில் இருக்குமானால் அது 1917இல் ஐன்ஸ்டைன் தன் சமன்பாட்டில் சேர்த்துவிட்டுப் பிறகு கைவிட்ட மாறிலி. அமுக்கத்துக்கும் சக்தி அடர்த்திக்கும் உள்ள விகிதத்தை டபிள்யூ என்று எழுதுவார்கள். மாறிலி என்றால் அது எக்காலத்திலும் சரியாக −1. அதில் ஒரு பெரிய சங்கடமும் உண்டு. குவாண்டம் கொள்கையின்படி வெற்றிடத்தின் சக்தியை நேரடியாகக் கணக்கிட்டால், வானத்தில் அளந்ததை விட 1க்குப் பின்னால் 120 பூச்சியம் போட்ட மடங்கு கூட வருகிறது. ஆகவே டபிள்யூ கொஞ்சமாவது −1இலிருந்து விலகுகிறதா என்று பார்ப்பது வெறும் தசம விளையாட்டு இல்லை. விலகினால் அது மாறிலியே இல்லை, காலத்தோடு மாறுகிற வேறு ஏதோ.

போன வருடம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சேர், இருண்ட சக்தி குறையுது எண்டு செய்தியில போட்டிருக்கே, உண்மையா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மிச்சப் பாடத்தை விட்டுவிட்டு இதையே கதைத்தோம்.

2024 ஜனவரியில் டார்க் எனர்ஜி சேர்வே என்ற குழு தன் முடிவை வெளியிட்டது. செர்ரோ தொலோலோவின் 4 மீற்றர் தொலைகாட்டியில் 570 மெகாபிக்சல் கமராவைப் பூட்டித் திரட்டிய 1,635 சுப்பர்நோவாக்கள். 1998இல் இரண்டு குழுவும் சேர்ந்து வைத்திருந்த தூரத்து விளக்குகள் அறுபதுக்கும் குறைவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். டபிள்யூ சுமார் −0.80 என்று வந்தது, பிழை எல்லை கிட்டத்தட்ட 0.15. −1க்குக் கொஞ்சம் தள்ளி, ஆனால் சத்தம் போடுகிற அளவு தள்ளி இல்லை. அடுத்து ஏப்ரலில் அரிசோனாவிலிருந்து டெசி வந்தது. அது 5,000 இழைகளால் கலக்சிகளின் நிறமாலையை ஒரே நேரத்தில் எடுக்கிற கருவி, தூரத்தை வேறு வழியில் அளப்பது. 2025 மார்ச்சில் ஒன்றரைக் கோடிக்குக் கிட்டிய கலக்சிகளையும் குவாசர்களையும் (மிகத் தூரத்தில் பிரகாசிக்கிற கலக்சிக் கருக்கள்) கொண்டு அவர்கள் சொன்னது: மாறிலியை விட, காலத்தோடு வலுக்குறைந்து வருகிற இருண்ட சக்திதான் தரவுக்குக் கூடப் பொருந்துகிறது. எவ்வளவு உறுதியாக? கூடச் சேர்க்கிற சுப்பர்நோவாத் தொகுப்பைப் பொறுத்து 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மா வரை. (சிக்மா என்பது ஒரு முடிவு வெறும் தற்செயல் இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கான அளவு.) பௌதிகவியலில் கண்டுபிடித்தோம் என்று சொல்ல 5 வேண்டும்.

எந்த விளக்குத் தொகுப்பை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றால், திரும்பவும் விளக்கைத்தான் பார்க்க வேண்டும். அதே 2024இல்தான் பெரியப்பாவுக்குக் கண்புரைக்கு ஒபரேஷன் நடந்தது. முதலில் வலது கண், இடது கண்ணுக்குச் சில கிழமைகள் கழித்து. அந்த இடைக்காலத்தில் அவர் கடற்கரையில் ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்ப்பார், பிறகு மாற்றி மூடிப் பார்ப்பார். "இந்தக் கண்ணுக்கு உந்த விளக்கு சிமினி வெளிச்சம் மாதிரி மஞ்சள். அந்தக் கண்ணுக்கு வெல்டிங் வெளிச்சம் மாதிரி நீலம். ஒரே விளக்கு மோனை." புரை படிந்த வில்லை நீலத்தைக் கூடத் தடுக்கும், அதனால் வருடக்கணக்கில் உலகம் மெல்ல மெல்ல மஞ்சளானதை அவர் அறியவே இல்லை.

டார்க் எனர்ஜி சேர்வேயின் தொகுப்பிலும் இரண்டு கண்கள் இருந்தன. தூரத்து விளக்குகள் எல்லாம் ஒரே கமராவால் எடுத்தவை. கிட்டத்தவை வேறு வேறு தொலைகாட்டிகளில், வேறு வேறு வருடங்களில் எடுத்தவை. கேம்பிரிட்ஜின் ஜோர்ஜ் எஃப்ஸ்தாதியு, இன்னொரு தொகுப்போடு ஒப்பிட்டால் இந்த இரண்டு பங்குக்கும் இடையில் சுமார் 4 சதவீத வெளிச்ச வித்தியாசம் இருக்கிறது என்று காட்டினார். இருண்ட சக்தி மாறுகிறது என்ற குறிப்பின் பெரும்பங்கு அந்த 4 சதவீதத்தில் தொங்குகிறது என்பது அவர் வாதம். குழுவினர் அதில் பெரும்பகுதிக்குத் தகுந்த காரணம் உண்டென்று பதில் சொன்னார்கள். ஆனால் அதோடு விடவில்லை. தங்கள் அளவுகோலை அடியிலிருந்து திரும்பச் சரிபார்த்து 2025இல் புதுக் கணக்குப் போட்டார்கள். 4.2 சிக்மா 3.2 ஆக இறங்கியது. குறிப்பு அழியவில்லை, மெலிந்தது. உலகமே திரும்பிப் பார்த்த தங்கள் முடிவை அதே ஆட்கள் தாங்களே இருந்து இறக்கிக் காட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு நான் காட்ட விரும்பியது அதைத்தான்.

சிலியில் செர்ரோ பச்சோன் மலையில் 8.4 மீற்றர் ஆடியோடு வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. ஒரே தொலைகாட்டி, ஒரே 3,200 மெகாபிக்சல் கமரா, கிட்டத்து விளக்கையும் தூரத்து விளக்கையும் ஒரே கண்ணால் பார்க்கப் போகிறது.

பெரியப்பாவுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெளிவு. மின்சாரமும் திரும்பிவிட்டது. மரீன் டிரைவின் வெளிச்சத்தில் திருவாதிரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் பின்னேரம் இருட்டினால் அதே கல்லுக்குப் போய் வருகிறோம். போன கிழமை, ஒன்றுமே கேட்காமல் அவராகவே 2022ஆம் ஆண்டு விளக்கைப் பற்றித் தொடங்கினார்.

"அண்டைக்கு ஒரு விளக்கு வெள்ளையாக் கிடக்கு, கிட்டத்தான் எண்டு சொன்னனான் எல்லோ?"

"ஓம் பெரியப்பா."

"அப்ப எனக்குக் கண்ணில புரை. புரைக் கண்ணுக்கே வெள்ளையாத் தெரிஞ்சதெண்டா அது உண்மையில நீலம். பெற்றோமக்ஸ் இல்லை, எல்ஈடி." கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்ஈடி எண்டா மூட்டத்துக்குள்ளால சிவந்து சிவந்து வந்தும் வெள்ளையாத் தெரியும். அப்ப நீ சொன்ன மாதிரி அவன் தூரத்திலயே நிண்டிருக்கலாம்."